சந்தனம் கலையாத பொத்தான்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். கூலி வேலைக்குப் போன வீட்டில் பிறந்து இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள், இதையெல்லாம் நம்பினால் படித்த படிப்புக்கு என்ன மரியாதை?

புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது உடம்புக்குள் எலக்ட்ரான்கள் எப்படிச் சிதறும் என்று கணக்கிடும் மென்பொருள் எழுதுகிறேன், பெரம்பலூர் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டே. ஒரு எலக்ட்ரான் எண்ணி முடியாத அணுக்களோடு மோதும். ஒவ்வொரு மோதலாகக் கணக்கிட்டால் சரியாக வரும், ஆனால் நாள்கணக்கில் ஓடும். பல மோதல்களைச் சேர்த்து ஒரே எட்டாகத் தாண்டினால் சீக்கிரம் முடியும், எலும்பின் ஓரத்தில் தப்பாகிவிடும். ஓரம் நெருங்க நெருங்க எட்டைச் சுருக்குவது நான் கண்டுபிடித்த வழி. நாலுவழிச் சாலையில் பறக்கிற வண்டியும் பாடாலூர் கடைத்தெருவில் உருட்டித்தானே போக வேண்டும்? என் முறை டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். அது சரி என்று நிரூபிக்கத்தான் அந்த மெதுவான கணக்கு வேண்டியிருந்தது. விஜயதசமி காலையில் வெளிநாட்டுக் குழுவிடம் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டாவிட்டால் என் முறையைத் தூக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

முந்தின நாள் ஆயுதபூஜை. பொரி வாங்கிக்கொண்டு திரும்பினால், லேத் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, சாமி முன்னால் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அதில் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த மெதுவான கணக்கு முடிய இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருந்தது. இனி முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும்.

"அய்யய்யோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!"

"லேத்துக்கே இன்னிக்கு லீவு, ஒன் பொட்டிக்கு மட்டும் கெடையாதா?"

நான் அழுதேவிட்டேன். மாமியார்தான் பக்கத்தில் வந்தார். "அழுவாத ஆயி. நீ ஒழச்சது எங்க போயிடும்?" என்றபடி பவர் பொத்தான் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

காலையில் மறுபூஜை முடிந்து பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்தேன். சந்தனம் ஒரு கீறல் இல்லாமல் காய்ந்திருந்தது, என் விரல் பட்டுத்தான் உதிர்ந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் மெதுவான கணக்கின் விடை முழுதாக இருக்கிறது! முடிந்த நேரம், காலையில் நாங்கள் கற்பூரம் காட்டிய நேரம். பெட்டியின் கடிகாரம் தப்பாக இருக்கும் என்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன், சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் காட்டிய வரைபடத்தில் என் முறையின் கோடும் மெதுவான கணக்கின் கோடும் எலும்பின் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. எதிர்ப்பக்கம் கைதட்டினார்கள். "எம் மருமவ கணக்கு, தப்பாப் போவுமா?" என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இன்று அந்த மென்பொருளில் ஓடுவது என் முறைதான், கூலிக்காரி மகள் போட்ட கணக்கு. சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

பிறகு அதே தொடக்க எண்ணைக் கொடுத்து முழுதாக மறுபடி ஓட்டினேன். அப்படிக் கொடுத்தால் அதே எலக்ட்ரான்கள் அதே பாதையில் போக வேண்டும், போயின. ஆனால் நான் கேட்டது பத்து லட்சம் எலக்ட்ரான்கள். அன்று பெட்டிக்குள் இருந்தது பத்து லட்சத்து ஒன்று, மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதுபோல. எத்தனையோ இயந்திரங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், அந்த ஒன்று மட்டும் திரும்ப வரவே இல்லை.