அடுப்பில்லாத வீடு

ஃபோர்ட் கொச்சியில் மூன்று நாள் தங்குவதற்கு வீடு பார்க்க உட்கார்ந்த அன்று, கடல் எவ்வளவு தூரம் என்று மச்சான் கேட்கவில்லை. "சமையல்கட்டு இருக்குதான்னு பாரு கண்ணு" என்றார். கைப்பேசியைப் பிடித்திருந்த அவர் மகள் அந்த இடத்தில் ஒரு டிக் போட்டாள். எனக்கு அப்போதே கோபம் வந்துவிட்டது.

மச்சான் என் அக்காவின் கணவர். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் காய்கறிக் காடும் வைத்திருக்கிறார். கல்யாணமாகிப் போனதிலிருந்து அக்கா ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. மாட்டில் பால் கறக்க ஆள் வேண்டும். யானை இறங்குகிற காலத்தில் காட்டுக்குக் காவல் வேண்டும். காவலுக்குப் போகிறவருக்குச் சோறு வேண்டும். அந்தச் சோற்றில்தான் அவள் இருபது வருடத்துக்கு மேலாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மகளுக்குக் கல்லூரி விடுமுறை. நான் ஊர் சுற்றியவன் என்பதால், வீடு பார்த்துக் கொடுக்கத் துடியலூரிலிருந்து வரச் சொன்னார்கள்.

ஊர் சுற்றியது உண்மைதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். போர்வெல் வண்டியில் ஏறி வடக்கே போனேன். பிறகு லாரி, பிறகு ஓட்டல். கொச்சியில் ஒரு மழைக்காலம் முழுக்க மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் இறக்கினேன். குடோன் வாசலில் சாக்கை விரித்துப் படுப்போம். மழை சாய்ந்து அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வோம். இப்போது அந்தத் தெருக் குடோன்களில் ஓவியங்களை மாட்டி, மாடியில் அறை வாடகைக்கு விடுகிறார்கள். காரை பெயர்ந்த சுவரைப் பூசாமல் படம் எடுத்துப் போட்டு, பழமையின் அழகு என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் முதுகைச் சாய்த்தபோது அது ஈரச் சுவர். சரி, அது அவர்கள் பிழைப்பு. என்னை எரித்தது வேறு.

டிக் போட்டதும் வந்து விழுந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் சமையலறைதான் முகப்புப் படம். வெள்ளைக் கல் மேடை, வரிசையாகத் தொங்கும் கரண்டிகள், ஜன்னலில் ஒரு துண்டுக் கடல். அடியில், 'சொந்த வீட்டில் இருப்பதைப் போலவே உணர்வீர்கள்.' என் அக்கா சொந்த வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று எழுதினவருக்குத் தெரியுமா? விடிவதற்குள் எழுந்து பால், டீ, காலைச் சோறு, காட்டுக்குச் சோறு, மறுபடி டீ, ராத்திரிக்குத் தோசை. அவளிடம் போய் அதே மாதிரிதான் இங்கேயும் இருக்கும் என்று சொன்னால் அதற்குப் பெயர் மிரட்டல்.

"இது நல்லா இருக்குதுங்க மாப்ளே. மிக்சி இருக்குது, குக்கர் இருக்குது" என்றார் மச்சான்.

"கடலைப் பாக்கப் போறமா, குக்கரைப் பாக்கப் போறமா மச்சான்?"

"வெளிச்சோறு நமக்குச் சேராதுங்க. அங்க எல்லாத்துலயும் தேங்காயெண்ணெய் ஊத்துவாங்க."

தோப்பு நிறையத் தேங்காய் வைத்திருக்கிறவர் பேசுகிற பேச்சு இது.

"அப்ப ஆக்கறது ஆரு?"

"ஏன், உங்கக்கா இருக்குதுல்லங்க? லேசா ஒரு அரிசிம்பருப்புச் சோறு. அது ஒரு வேலைங்களா?"

உள்ளே அக்காவின் தோசைக்கல்லில் எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது.

போர்வெல் வண்டியில் சமையலுக்கென்று தனியாக ஓர் ஆள் உண்டு. அவன் இரும்புக் குழாயைத் தொட மாட்டான். தொடச் சொல்லவும் மாட்டார்கள். நாளெல்லாம் பாறையைத் துளைக்கிற முரட்டு ஆட்களே, பத்துப் பேருக்குச் சமைப்பது ஒரு முழு ஆள் வேலை என்று ஒப்புக்கொண்டு நடந்தார்கள். அதே சமையல் வீட்டுக்குள் வந்ததும் வேலையே இல்லாமல் போய்விடுகிறது. எங்கள் பக்கம் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. பெண்டாட்டியைக்கூட அம்மணி என்று கூப்பிட்டு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவோம். அந்த மரியாதையோடேயே நாள் முழுக்க வேலை வாங்குவோம்.

மச்சானுக்குச் சமைக்கத் தெரியாது என்றாலாவது மனம் ஆறும். கோயில் கிடாவெட்டு என்றால் அண்டா முன் நிற்பவர் அவர்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மசாலையைத் தானே வறுத்து, ஊருக்கே கறிக்குழம்பு கூட்டுவார். அவர் கைப்பக்குவத்துக்கு அன்னூர் வரைக்கும் பெயர். அந்தக் கை வீட்டு அடுப்பில் ஒரு டீ வைத்ததில்லை.

நான் எழுந்து உள்ளே போனேன். "அக்கா, உனக்கு எப்படிப்பட்ட ஊடு வேணும்?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "எனக்கென்னடா. எந்த ஊடா இருந்தாலும் சரி. படுத்தா, நானா எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கூப்புடாம இருந்தாப் போதும்."

வெளியே வந்து அக்கா மகளின் காதில் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சமையலறை டிக்கை எடுத்துவிட்டாள். பழைய ஓட்டு வீடு ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. கீழே வீட்டுக்கார அம்மா குடியிருக்கிறார். நீளமான வராந்தா, பக்கத்துக் கூரைகளுக்கு நடுவே கொஞ்சம் கடல். அடுப்பு இல்லை. மச்சான் படத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சரி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கிளம்புகிற காலையில் காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர், குக்கர், அரிசிப் பை, பருப்பு, கடலையெண்ணெய், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை.

"என்னங்க மச்சான் இது?"

"ஒரு பாதுகாப்புக்குங்க மாப்ளே. போற எடத்துல எப்படியோ என்னமோ."

"கடலுக்குப் போறதுக்கு என்னங்க பாதுகாப்பு? யானையா இறங்கப் போகுது?"

அவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். பாலக்காடு தாண்டுகிறவரை நான் அவரோடு பேசவில்லை. முன்சீட்டில் அவர் ஊர் ஊராகக் காட்டி விளக்கிக்கொண்டு வந்தார். அக்கா ஜன்னலோரம் தலையைச் சாய்த்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் குக்கர் ஆடிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கார அம்மா வாசலிலேயே அடுப்பைப் பார்த்துவிட்டார். மலையாளம் கலந்த தமிழில், மாடி முழுக்க மரத்தரை, பழைய மரம், மேலே தீ கூடாது என்று சொன்னார். அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. மச்சானின் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து அம்மாவுக்கு மனம் இளகியது.

"சாரமில்லா, பரவாயில்லா. கீழே என்டெ அடுக்களை உண்டல்லோ. சேச்சி அங்கே சமைக்கட்டும்."

"பாருங்க மாப்ளே, எவ்வளவு நல்ல மனசு!" என்று மச்சான் கை கூப்பினார். பிறகு, அதற்குள் அக்கா ஏறிப் போயிருந்த மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மணி, எறங்கி வாங்க. அடுப்பு கெடைச்சிருச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை வீட்டைப் புரட்டி, அடுப்பில்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தால், ஊர் பேர் தெரியாத ஒரு பெண்மணி தன் அடுப்பை எடுத்துக் கொடுக்கிறார். அவரும் தன் அடுப்பை விட்டு மூன்று நாள் எங்கேயாவது போயிருப்பாரா என்பது சந்தேகமே.

அக்கா இறங்கி வந்தாள். அடுக்களையை எட்டிப் பார்த்தாள். சுத்தமான அடுக்களை.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள் மச்சானிடம். "கிடாவெட்டுக்கு ஊருக்கே ஆக்கற கை. நாலு பேருக்கு அரிசிம்பருப்பு ஆக்கறது ஒரு வேலைங்களா? நான் செத்த நேரம் படுக்கறேன். நீங்க ஆக்குங்க."

குரல் உயரவில்லை. ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. திரும்பி மாடியேறிவிட்டாள்.

மச்சான் என்னைப் பார்த்தார், வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தார். அந்நியர் முன்னால் மறுத்துப் பேச எங்கள் ஆட்களுக்கு வராது. துண்டைத் தலையில் கட்டினார். நான் வெங்காயம் உரித்தேன்.

இதற்கப்புறம் நடந்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. குக்கர் முதல் விசில் அடிப்பதற்குள் வீட்டுக்கார அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டி வந்து காட்டினார். "நோக்கு, புருஷன் சமைக்கிறார். பாக்கியம் செய்த சேச்சி!" அக்கா மகள் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்டவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கைதட்டல்கள் அனுப்பினார்கள். ஒரு குக்கர் சோற்றுக்கு! இருபது வருடமாக அடுப்பு முன்னால் நிற்கிறவளை ஒருத்தராவது ஒரு படம் எடுத்திருப்பார்களா? மச்சானுக்குக் கூச்சமும் பெருமையுமாக முகம் பளபளத்தது. சோறு நன்றாகத்தான் வந்திருந்தது. அதை மறுக்க முடியாததும் ஓர் எரிச்சல்.

தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு அவர் மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்தார். "அம்மணி..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"கூப்புடாதீங்க மச்சான்."

"சோறு ஆறிப்போயிருமுங்களே?"

"ஆறட்டுமுங்க."

கையில் கரண்டியோடு அவர் மேலே பார்த்தார். வராந்தாக் கதவு சாத்தியிருந்தது. பிறகு திரும்பிப் போய்க் குக்கரை ஒரு தட்டால் மூடிவைத்தார்.