அரக்குப் பெட்டி, தங்கக் கரை

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒரே ஒரு பெட்டிதான். நீளமாக, தட்டையாக, அடிப்பெட்டியின் மேல் மூடி முழுக்க இறங்கி உட்காரும் பெட்டி. கல்யாணமான புதிதில் சில வருடங்கள் ஒரு பட்டுக் கடையில் பேக்கிங் பகுதியில் வேலை பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்டது. மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு அட்டையைக் கொடுத்தால் அளவுகோல் இல்லாமலே எங்கே மடிக்க வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும்.

மகள் வேலைக்குப் போனதும் ஒரு சின்ன ஓவன் வாங்கி வந்தாள். "இட்லி ஊத்தி ஊத்தி உனக்கே சலிச்சிருக்கும்மா" என்றாள். போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கேக் எனக்குச் சரியாக வரவில்லை. நடுவில் அமுங்கிவிடும். பிஸ்கட் வந்தது. கோதுமை மாவும் நெய்யும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, எங்கள் காஞ்சிபுரத்துக் கோயில் இட்லிக்குப் போடுவதுபோல் சுக்கு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டேன். சாப்பிட்டவர்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு இன்னொன்று எடுத்தார்கள்.

அக்கம்பக்கத்தில் கொடுக்க ஆரம்பித்தபோதுதான் எதில் போட்டுக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. பிளாஸ்டிக் கவரில் பிஸ்கட் நமுத்துப்போகிறது. எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தால் டப்பாவைத் திருப்பித் தர வேண்டும். வெறும் டப்பாவாகத் தரக்கூடாது என்று அவர்கள் எதையாவது போட்டுத் தர வேண்டும். அதற்காக ஒருவர் அடுப்பு மூட்ட வேண்டுமா என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். காகிதப் பெட்டி என்றால் கொடுத்ததோடு முடிந்தது. யாரும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை, நானும் நின்று பேச வேண்டியதில்லை.

அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பேச வராது. ஊமை இல்லை, வீட்டுக்குள் பேசுவேன். வெளி ஆள் முன்னால் நின்றால் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். பத்தாவது படிக்கும்போது டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருந்தவள் நான். பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் அது எனக்காகப் பேசிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

பெட்டிக்குக் கெட்டியான சார்ட் அட்டை வாங்குவேன். பசையை வீட்டிலேயே காய்ச்சுவேன். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்ட வேண்டும். பூச்சி வராமல் இருக்க எல்லாரும் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். தின்கிற பொருள் வைக்கிற பெட்டி என்பதால் நான் மஞ்சள்தூள் போடுவேன். ஒட்டி, மேலே கனமாக அம்மிக்கல்லை வைத்து, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும். உள்ளே பட்டர் பேப்பர் விரித்து, பிஸ்கட்டை ஆடாமல் வரிசையாக அடுக்கி, தாளை இரண்டு பக்கமிருந்தும் மூடி, மூடியை இறக்குவேன். மூடி இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று மெதுவாக வெளியே போகும். அந்தச் சின்னச் சத்தம் கேட்டால்தான் பெட்டி சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சம்பந்தி வீடு வாலாஜாபாத். எங்களைப்போல் தறிக்காரர்கள்தான், ஆனால் தறியை விட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. மாவு மில் வைத்திருக்கிறார்கள். மில்லைப் பார்த்துக்கொள்வது சம்பந்தியம்மாதான். மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகியதால் மோட்டார் ஓடாத நேரத்திலும் அதே சத்தத்தில்தான் பேசுவார். கல்யாணத்தில் அவர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையைத் தலையை ஆட்டினேன். "உங்கம்மா நல்லவங்கதான், ஆனா பேட்டரி போட மறந்துட்டாங்க" என்று மகளிடம் சொன்னாராம்.

தலை தீபாவளிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் முறையாக அழைக்க நானும் என் வீட்டுக்காரரும் போனோம். தட்டில் வெற்றிலை, பழம், பூ. அதோடு சம்பந்தியம்மாவுக்கென்று ஒரு பிஸ்கட் பெட்டி. முதல்முதலாக அவருக்கு நான் செய்து தருவது என்பதால் ரொம்பவும் மெனக்கெட்டேன். அரக்கு நிற அட்டை வாங்கினேன். மூடி வெறுமையாகத் தெரிந்ததால் ஓரம் முழுக்கத் தங்க நிறக் காகிதத்தை வெட்டி ஒட்டினேன். நல்ல காரியத்துக்குப் போகிறதே என்று நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

சம்பந்தியம்மா தட்டை வாங்கிக்கொண்டார். பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எதுக்குங்க இதெல்லாம்!" என்று சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிஸ்கட்டை ஏன் பீரோவில் வைக்கிறார் என்று தோன்றியது. வீட்டில் எறும்புத் தொல்லையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே என்ன என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் மழையைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தார். மகள் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை அவள் பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, அத்தைக்குப் பட்டு எடுத்துக் குடுத்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!"

"எந்தப் பட்டு?"

"மில்லுக்கு வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு இருக்காங்கம்மா. காஞ்சிபுரத்துச் சம்பந்தி, தறிக்காரங்க, எனக்குன்னே நெய்ஞ்சு எடுத்தாந்து குடுத்தாங்கன்னு. எதிர்வீட்டக்கா காட்டுன்னு கேட்டதுக்கு, நல்ல நாள் பார்த்துத்தான் பிரிப்பேன்னுட்டாங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிரிச்சு, ஜாக்கெட் துணிய வெட்டி டெய்லர் கிட்ட குடுக்கணுமாம்."

மூடியின் தங்க ஓரம் கண் முன்னால் வந்தது. அரக்கு உடல், தங்கக் கரை, அதுவும் பட்டுக் கடைப் பெட்டி. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று தெரியும். ஒட்டிய எனக்கு மட்டும் தெரியவில்லை.

"அது பிஸ்கட்டுடி" என்றேன்.

மெதுவாக, "அய்யோம்மா" என்றாள். "ஊரைக் கூட்டி வச்சுப் பிரிச்சா என் மானம் போயிடும். அவங்க மானமும் போயிடும். அதுக்கப்புறம் நான் இந்த வீட்ல எப்பிடி இருக்கறது?"

தறியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கையில் இருந்த நூல் ஓடத்தை நிறுத்தினார். "தறிக்காரன் வீட்ல பட்டு அலமாரி அலமாரியா அடுக்கி வச்சிருக்கும்னு ஊர்ல நினைப்பு" என்றார். தறியில் இருந்த புடவை எங்கள் வீட்டில் இருந்ததே தவிர எங்களுடையது இல்லை, முதலாளிக்குக் கூலிக்கு நெய்வது. "முதலாளியக் கேட்டு ஒண்ணு வாங்கி, பெட்டிய மாத்திடலாமா?" என்று கேட்டார்.

மகளிடம் கேட்டேன். "பீரோ சாவிய நான் திருடணுமா? நீ வந்து சொல்லும்மா. நான் சொன்னா, தெரிஞ்சுக்கினே ரெண்டு நாளா மறைச்சேன்னு ஆயிடும். போன்லயும் வேணாம். நேர்ல வா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தனியாகப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'தப்பா நினைச்சுக்காதீங்க, அது பட்டு இல்லீங்க.' பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பி, "எதும்மா பட்டு இல்ல? இதுவா? எங்களுக்கும் தெரியும், இது பாலிஸ்டருதான்" என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். அதன் பிறகு மனதுக்குள்ளேயே சொன்னேன்.

மில்லில் கூட்டம் இருந்தது. பண்டிகைக்கு முறுக்கு மாவு, அதிரச மாவு என்று வாளியும் தூக்குமாக நின்றார்கள். சம்பந்தியம்மா புருவமெல்லாம் மாவாக மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார். மகள் உள் கதவோரம் வந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

வாளியோடு நின்ற ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவங்கதான் பட்டு குடுத்த சம்பந்தியா? இன்னாம்மா, அப்பிடி இன்னா பட்டும்மா அது? கண்ல காட்டவே மாட்டேங்குறாங்க!"

எதிர்வீட்டுக்காரி என்று புரிந்துகொண்டேன். நான் சம்பந்தியம்மாவின் பக்கத்தில் போய், "உள்ள வாங்க, ஒண்ணு சொல்லணும்" என்றேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். காதைக் காட்டினார். அவர் உள்ளே வருவதாகத் தெரியவில்லை. பஸ்ஸில் சேர்த்து வைத்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, "அது பட்டு இல்லீங்க! பிஸ்கட்டு!" என்று கத்தினேன்.

அதற்குள் அவர் ஸ்விட்சை அணைத்திருந்தார், நான் சொல்வது காதில் விழட்டும் என்று. கடைசி வார்த்தை மட்டும் மில் முழுக்கக் கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

எதிர்வீட்டுக்காரிதான் முதலில் சிரித்தாள். "பிஸ்கட்டுக்கா பூஜை போட்டு பீரோல வச்ச!"

சம்பந்தியம்மா கையைத் தட்டி மாவை உதறிவிட்டு உள்ளே போனார். மகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் பெட்டி இருந்தது. எல்லாருக்கும் முன்னால், எடை போடும் தராசுத் தட்டின் மேல் வைத்து மூடியைத் தூக்கினார். மடித்த தாளை ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று புடவையைப் பிரிப்பதுபோலவே பிரித்தார். உள்ளே பிஸ்கட் அடுக்கியபடியே இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். "கோயில் இட்லி வாசம் அடிக்குதே" என்றார். இன்னொன்று எடுத்தார். பிறகு பெட்டியை வாளியோடு நின்றவர்கள் பக்கம் நீட்டினார். எதிர்வீட்டுக்காரி கையை நீட்டியபோது மட்டும் பெட்டியை இழுத்துக்கொண்டார். "நீ சிரிச்ச இல்ல? உனக்குக் கிடையாது."

"அட, குடும்மா!"

"முதல்ல மாவு அரைச்ச காசைக் குடு."

எல்லாரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற மகளும் சிரித்துவிட்டாள். சம்பந்தியம்மா திரும்பி அவளைப் பார்த்தார். "ஏம்மா, உங்கம்மாவுக்கு இவ்ளோ தொண்டை இருக்குதுன்னு சொல்லவே இல்ல?"

கூட்டம் கலைந்த பிறகு அடுப்படியில் மூன்று பேரும் காபி குடித்தோம். அவர் சத்தம் அங்கே கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பொய் சொல்லமாட்டேன் சம்பந்திம்மா. ஏமாத்தமாத்தான் இருக்குது. என் கல்யாணத்துக்கு எடுத்ததோட சரி, அப்புறம் எனக்குன்னு யாரும் பட்டு எடுத்ததில்ல. நானும் எடுத்துக்கல. ரெண்டு நாளா சும்மா சும்மா போய் பீரோவத் தொறந்து பார்த்துக்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. "எடுத்துத் தரேங்க. கொஞ்ச நாள் ஆகும்" என்றேன்.

"அய்ய, கேட்டா சொன்னேன்? பட்டுன்னு எழுதியா இருந்துது? நானா நினைச்சுக்கினேன். நினைப்புக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? நீங்க வராம, இந்தப் பொண்ணு வாயால சொல்ல வச்சிருந்தா மட்டும் எனக்குக் கோவம் வந்திருக்கும். அவ இன்னா பண்ணா, பாவம்?"

மகள் குனிந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி எனக்காகப் பேசும் என்று இருந்தேன். அது பேசத்தான் செய்தது. வாங்கியவர் மனதில் என்ன ஆசை இருந்ததோ அதைப் பேசியது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இரண்டு நாள் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். அதை நினைத்தால் சொல்லாமல் விட்டதும் முழுக்கத் தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதனால் என் மகள் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக நான் எடுத்ததும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன். அன்று கொடுக்கவில்லை.

"அதே மாதிரி இன்னொரு பெட்டி வேணும். அரக்கு அட்டை, தங்கக் கரை, மஞ்சக் குங்குமம் எல்லாம் அப்பிடியே இருக்கணும். எங்க நாத்தனாருக்குக் குடுக்கப் போறேன். அவளும் ரெண்டு நாள் சந்தோஷமா இருக்கட்டுமே."

"இல்லீங்க" என்றேன். "பிஸ்கட்டு செஞ்சு தரேன், பெட்டியும் செஞ்சு தரேன். ஆனா குடுக்கும்போது உள்ள இன்னா இருக்குதுன்னு சொல்லித்தான் குடுக்கணும். இல்லன்னா செய்யமாட்டேன்."

அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பயந்தேன்.

"யாருக்கு யாரு சொல்றது?" என்று சிரித்தார். "சரி, சொல்லித்தான் குடுப்பேன், போதுமா? மிளகு மட்டும் கொஞ்சம் கம்மியா போடு. அவளுக்கு வயிறு ஆகாது. நீ எப்ப தருவ?"

ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகுதான், அவர் என்னை நீ என்று சொன்னது உறைத்தது.