நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

எங்கள் அலுவலகத்தில் அக்கா என்றால் ஒருத்திதான். பதினாறு வருடமாக எங்கள் செயலியில் வாடிக்கையாளர் பார்க்கிற திரைகளை உருவாக்குகிறவள். அவள் வேலையில் பிழை பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த அக்காவுக்குக் கணிப்பு அணிக்கு மாற ஆசை வந்துவிட்டது. பழைய தகவலைக் கணினிக்குக் காட்டி, இனி நடக்கப்போவதைச் சொல்ல வைக்கிற அணி. அங்கே போனால் அவள்தான் கடைசி ஆள். மாலைக்குள் மேலாளரிடம் முடிவைச் சொல்லியாக வேண்டும். போனால் இந்த நாற்காலி வேறு ஒருவருக்கு.

"வீட்ல என்ன சொல்றாங்கக்கா?"

"நல்லா ஓடற வேலைய ஏன் நோண்டறேன்னு அவர் கத்தறார்."

கணிப்பு அணி ஒரு சோதனை வேலை கொடுத்திருந்தது. எந்த வாடிக்கையாளர் விலகிப் போவார் என்று கணிக்க வேண்டும். மதியம் முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி! அக்கா என் கையைக் கிள்ளியே விட்டாள்.

அவளைவிட வயதில் சின்னவளான கணிப்பு அணித்தலைவி திரையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கணினிக்குக் காட்டிய தகவலில் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

"இது என்ன தேதி?"

"கடிதம் அனுப்புன தேதி."

"யாருக்கு அனுப்புன கடிதம்?"

அக்காவின் முகம் வெளுத்தது. விலகிப் போனவர்களுக்கு மட்டும் நாங்கள் அனுப்பும் நன்றிக் கடிதம் அது. கணினி எதையும் கணிக்கவில்லை. கடிதம் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. விடையையும் சேர்த்துக் கொடுத்துப் பரீட்சை வைத்த கதை.

"அத எடுத்துட்டு ஓட்டுங்க."

ஓட்டினாள். அறுபத்தொன்று. காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும்.

கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனேன். அணித்தலைவியின் அந்தச் சிரிக்காத மூஞ்சியை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விட்டுத் தள்ளுங்கக்கா. இங்க நீங்க ராணி. அங்க போய் அவகிட்ட எதுக்குக் குட்டு வாங்கணும்?"

அக்கா குழாயை மூடினாள். "நான் பண்ணது தப்புன்னு கடைசியா எப்ப எங்கிட்ட வந்து சொன்னே?"

யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"எனக்கும் ஞாபகமில்ல. பயமாத்தான் இருக்குடி. ஆனா அந்த அறுபத்தொண்ணு ஏன் ஏற மாட்டேங்குதுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

நேராக மேலாளர் அறைக்குப் போனாள். நான் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, போறேன்னு சொல்லிட்டேன்... ஆமா, தெரிஞ்சுதான் சொன்னேன். திட்டறதா இருந்தா வீட்டுக்கு வந்ததும் திட்டுங்க. இப்ப எனக்கு வேலை இருக்கு."