அவிழ்க்க மறந்த முடிச்சுகள்

அன்று வலை உலர்த்தும் மணலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஊர்த்தலைவர், அவருடைய தம்பி, என் தங்கை, அவள் புருஷன், நான். தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். வயிற்றிலிருப்பதையும் சேர்த்தால் ஐந்தரை என்று தலைவரின் தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் கூடியதே என் பேச்சால்தான். ஒல்லாந்தர் கோட்டை மீனை வாங்கிக்கொண்டு காசு தராமல் நம்மை ஏய்க்கிறது, இனி அங்கே மீன் கொடுப்பவனுக்கு ஏரியில் பாடு கிடையாது என்று சொல்ல வேண்டும் என ஊரெல்லாம் பேசி வந்தேன். பாடு என்பது எங்கள் உப்புநீர் ஏரியில் வலை போட முறைப்படி ஒருவனுக்கு வரும் நாள். அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஊர் மீனையும் என் மீனையும் கோட்டைச் சமையலறைக்குச் சுமந்து போனவன் என் தங்கை புருஷன். தெரிந்தேதான் பேசினேன்.

என்னிடம் சாட்சி இருந்தது. மணலில் எழுத்துப் பழகும்போதே பள்ளியை விட்டவன் நான். அப்போது எழுதி வைக்க வராது. கூடைக்கு ஒரு பணம் என்பது பேச்சு. அந்தக் காசைக் கோட்டை தராத ஒவ்வொரு கூடைக்கும் வலைநூலில் ஒரு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகியிருந்தேன். கவலை வரும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்ப்பேன். கவலை கூடும். ஆனாலும் நான் நினைத்தது சரிதான் என்று உள்ளே ஒரு நிம்மதி.

தலைவர் நூலை வாங்கி எண்ணினார். "பதினொண்ணு."

"பதினொண்ணு சரி," என்றான் தங்கை புருஷன். "அதுல எட்டு கூடைக்கு அப்புறமா காசு குடுத்துட்டானுங்களே. இன்னா மச்சான், நான்தானே கொண்டாந்து உன் கையில குடுத்தேன்?"

"எப்போ?" என்றேன். பொய்யில்லை. நிஜமாகவே நினைவில் இல்லை.

தங்கை கையை நீட்டினாள். "அண்ணே, இந்த வளையல் எதுல வந்துச்சு? கோட்டையில ஒரு பணம் வந்துச்சுன்னு நீதானே வாங்கியாந்தே. அப்போ இன்னா சொன்னே? பயந்துட்டானுங்க, அதான் குடுத்தானுங்கன்னு."

சொல்லியிருந்தேன். தராவிட்டால் திருடன், தந்தால் பயந்த திருடன். அவர்கள் எது செய்தாலும் முடிச்சு ஏறத்தான் வழி வைத்திருந்தேன், இறங்க வைக்கவில்லை. கோட்டைப் பீரங்கி வெடித்து மடவை மீன் கிடைக்காத காலைகளில் பீரங்கியைத் திட்டுவேன். அதே வெடிக்குப் பிறகு வலை நிறைந்த நாட்களில் பீரங்கி என் நினைப்பிலேயே வந்ததில்லை.

"நூலு உன்னுது, கணக்கும் உன்னுது. அவுக்கிறது மட்டும் யார் வேலைப்பா?" என்றான் தலைவரின் தம்பி.

தலைவர் சிரிக்கவில்லை. "நீ சொல்லு. உன் மச்சானுக்குப் பாடு இல்லேன்னு சொல்லிடணுமா?"

"வேணாம்."

தங்கை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

உப்புத் தண்ணீரில் ஊறி இறுகிய முடிச்சு நகத்துக்கு மசியாது. மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து இளக்கித் தந்தான். நான் அவிழ்த்தேன். எட்டு முடிந்ததும் கை நிற்கவில்லை. வெட்கத்தில் ஒன்பதாவதையும் பிடித்துவிட்டேன், கோட்டை அந்த நொடியே யோக்கியமாகிவிட்டது போல.

"இன்னா மச்சான், அது நெசமாவே வரல," என்று கையைப் பிடித்துக்கொண்டான். "அதை நானே போய்க் கேக்கறேன்."

கேட்டான். பலமுறை கேட்டான். அவன் மகள் இப்போது நடக்கிறாள். அந்த நூலை இழுத்து விளையாடுகிறாள். கோட்டை இன்னும் தர வேண்டியது மூன்று பணம்.