வலக்கோடிப் பதினாலு கட்டைகள்

தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை. ஐந்து பஞ்ச் மெஷின்கள் ஒரே நேரத்தில் டமால் டமால் என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில், "மூணாவதுல அச்சு மழுங்குது, நிறுத்துடா" என்பார். நிறுத்திப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும். ஒருமுறை மேலதிகாரி இதைக் கண்டுபிடிக்க முள் ஆடுகிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். முள் அசைவதற்குள் இவர் கையைத் தூக்கிவிட்டார். கருவி ஸ்டோர் ரூமுக்குப் போய்த் தூசி தின்றது. இவருக்கு அன்றைக்கு ஏறிய தலைக்கனம் அப்புறம் இறங்கவே இல்லை.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனியில் கொடுக்கத்தான் கொடுத்தார்கள். "பஞ்சை வச்சுக்கிட்டா மெஷின் பேசுறது எப்படிக் கேக்கும்?" என்று குப்பையில் போட்டார். என்ன சொல்ல!

இவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்து ஹாலில் பழைய பியானோ ஒன்று கிடந்தது. அங்கே இருந்த சங்கீத டீச்சர் இந்தப் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். முதல் ஷிப்ட் முடிந்ததும் இவர் சைக்கிளில் நேராகப் போய் ஹால் வாசல்படியில் நிற்பார். மகள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருப்பாள். அது முடிகிற இடத்தில் அவளுடைய வலது கை ஓடி ஓடிக் கட்டைகளின் கோடிக்கே போய்விடும். பாதி உடம்பு ஸ்டூலை விட்டு வெளியே வந்துவிடும். ஆனால் சத்தம் வராது. விரல் மட்டும் ஓடும். அந்தப் பாட்டு அப்படித்தான் போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். பெற்றோரைக் கூட்டிய நாளில் அவள் அதை வாசித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியபோது, எதற்குத் தட்டுகிறார்கள் என்று புரியாமல் இவரும் தட்டினார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகள் சங்கீதக் கல்லூரிக்குப் போகிறேன் என்றாள். டீச்சர் கைப்பட ஒரு கடிதமே எழுதிக்கொடுத்திருந்தார். இவர் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கடைசில சத்தமே இல்லாம சும்மா விரலாட்டறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டார். ஒரே ஒரு வாக்கியம். மகளின் முகம் செத்துப்போயிற்று. அப்புறம் அவள் மருந்தாளர் படிப்புப் படித்தாள், வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனாள். வீட்டுக்கு வந்தால் ஒரு வேளை இருப்பாள். அப்பாவிடம் இரண்டே கேள்விதான். "சாப்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு?" பதிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டாள். இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

அந்த ஒரு வாக்கியம் அவளை எங்கே குத்தியது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் படிக்க விடாமல் செய்தது தப்பு என்று மட்டும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, உறைத்தது. பெண்ணிடம் போய் மன்னித்துக்கொள் என்று சொல்கிற வாய் இல்லை அவருக்கு. அப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. பழைய பியானோவைத் தாழ்வாரத்தில் தள்ளிவிட்டார்கள். தலைமையாசிரியை, "யாராச்சும் எடுத்துட்டுப் போனா கும்பிடு போடுவேன்" என்றாராம். இவர் பழைய கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்.

"உள்ள என்னண்ணே, மெஷினைக் கழட்டி வச்சிருக்காங்களா?" என்று தூக்கியவர்கள் மூச்சு வாங்கினார்கள். வாசல் கதவைக் கழற்றித்தான் அதை உள்ளே நுழைக்க முடிந்தது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத எங்க வைக்கறது? என் தலையிலயா?"

"இடம் இருந்தா அங்கேயும் வைக்கலாம். இப்போதைக்கு ஜன்னலோரமா வைப்போம்."

மகள் ஒருநாள் வந்து இதன் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாட்டை ஒரு தடவை வாசித்துவிட்டால் போதும். அவருக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் பியானோ இருந்த நிலையில் அதை வாசித்தால் தெரு நாய்தான் ஓடும். சுருதி சேர்க்கிற ஆள் ஒருவரைப் போனில் பிடித்தார். "முப்பது வருஷப் பெட்டியா? நான் தொடமாட்டேன் சார்" என்று அவர் வைத்துவிட்டார். நல்லதாப் போச்சு, நானே செய்கிறேன் என்று இவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். முன்பலகையைக் கழற்றினால் உள்ளே இருநூற்றுச் சொச்சம் கம்பிகள். ஒவ்வொன்றும் ஒரு இரும்பு ஆணியில் சுற்றியிருக்கும். அந்த ஆணியைத் திருக ஒரு சாவி வேண்டும். லேத் ஓட்டுகிற கூட்டாளியிடம் சொல்லிச் சதுரத் துளை போட்டு ஒன்று கடைந்துகொண்டார். பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று மூன்று கம்பிகள். ஒன்றை மட்டும் கேட்க வேண்டுமானால் மற்ற இரண்டின் வாயை அடைக்க வேண்டும். அதற்குப் பிய்ந்த ரப்பர் செருப்பை ஆப்பு ஆப்பாக வெட்டி வைத்துக்கொண்டார். மனைவியின் இன்னொரு செருப்பும் காணாமல் போனது. அது பிய்யாத செருப்பு.

முதல் மூன்று மாதம் அழுகைதான். ஒன்றை இழுத்தால் இன்னொன்று இறங்கும். இரண்டு கம்பிகள் ஒத்துப்போகாமல் ஒலித்தால் வாவ் வாவ் வாவ் என்று ஒரு அலை எழும்பும். சாவியை மயிரிழை திருப்பினால் அது மெதுவாகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் வா...வ், வா...வ் என்று நீளும். அப்புறம் நின்றுவிடும். இரண்டும் ஒரே கம்பியாகிவிடும். முதன்முதலில் அது நின்ற காலையில், "ஏம்மா, இங்க ஓடி வா!" என்று கத்தினார். மனைவி ஈரக்கையோடு வந்து நின்று கேட்டாள்.

"ஆமாங்க, நின்னுடுச்சு!" என்றாள். உண்மையாகவே நின்றிருந்தது.

நடுவில் ஆரம்பித்து இடது பக்கம் முழுக்க முடித்தார். பிறகு வலது பக்கம் ஏறினார். கோடியை நெருங்க நெருங்கச் சத்தம் சிறுத்துக்கொண்டே போனது. கடைசிப் பதினாலு கட்டைகளில் ஓங்கி அடித்தால் 'டக்' என்று மரம் தட்டுகிற சத்தம் மட்டும்தான். 'தம்மாத்தூண்டு கம்பி, இதுல என்ன வந்துடப்போகுது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஓங்கி ஓங்கி அடித்து, அந்த டக் கெட்டியாக விழுகிறவரை இழுத்து நிறுத்தினார். ஒரு கம்பி அறுந்து கன்னத்தைக் கீறியது. துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

சமையலறையில் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தப் பதினாலும் கேட்டன. கரண்டிகளை அள்ளித் தரையில் கொட்டினாற்போலக் கேட்டன. கதவைத் தட்டினால் இவர் எழுந்திருக்காததும், டிவி அலறுவதும், குழந்தைகள் கீச்சுக்குரலில் பேசினால் இவர் சிரித்து மழுப்புவதும் அவளுக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். ஒருநாள் மெல்ல, "போன்லயே சுருதி காட்டற மெஷின் இருக்காமே, ஒரு தடவை பாத்துடலாமே" என்றாள்.

"முள்ளைப் பாத்து வேலை செய்யறவன்கிட்ட போய்ச் சொல்லு. எனக்கெதுக்கு?"

அவள் அடுப்படிக்கே திரும்பிப் போனாள். அந்த மனிதரிடம் நகை என்று இருந்தது அந்தக் காது ஒன்றுதான். அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. போவதற்கு முன் இரண்டு நாள் வீட்டில் இருக்கிறேன் என்றாள். தாய் அவளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். "அந்த வலது கோடிக்கு மட்டும் போயிடாதேம்மா. அங்க எல்லாம் கோணலா இருக்கு. அப்பாவுக்கு அது கேக்கலன்னு அவருக்கே தெரியாது." இந்தப் பேச்சு அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மகள் வந்தாள். "சாப்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு?" என்றாள். ஜன்னலோரம் பார்த்தாள். இவர் புது மாப்பிள்ளை போலச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"நானே சேத்தேன்" என்றார். "அந்தப் பழைய பாட்டு ஒண்ணு இருக்கே... கை ஞாபகம் வச்சிருக்கா?"

அவள் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷம் தொடாத விரல்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுந்து எழுந்தன. அப்புறம் பாட்டு ஓட ஆரம்பித்தது. அவர் சேர்த்த கம்பிகள் அத்தனையும் சொன்ன பேச்சைக் கேட்டன. பாட்டு முடிகிற இடம் வந்தது. இப்போது கை கோடிக்கு ஓடும், உடம்பு ஸ்டூலை விட்டு நழுவும், விரல் மட்டும் ஓடும் என்று காத்திருந்தார்.

கை கோடிக்குப் போகவில்லை. எட்டுச் சுரம் கீழேயே நின்று வாசித்தது. அங்கே ஒரு ராகம் இருந்தது. சின்னச் சின்னதாகப் படியேறி, மேலே கொஞ்சம் தயங்கி, அழாத குறையாக இறங்கி வந்தது. அவர் அதை வாழ்க்கையில் கேட்டதே இல்லை.

"இதென்ன, புதுசா சேத்தியா?" என்றார்.

"எதைப்பா?"

"இப்ப கடைசில வாசிச்சியே. அங்க சத்தமே வராதே. பள்ளிக்கூடத்துல நீ வாசிக்கறப்போ விரல் மட்டும்தானே ஓடும்."

மகள் தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தாள். வெட்டுகிற அச்சு மழுங்குவதை முப்பத்தெட்டு வருஷம் கண்டுபிடித்த மனிதருக்கு இரண்டு பேர் முகம் மாறுவதைக் கண்டுபிடிக்கவா தெரியாது? தொழிற்சாலையில் பந்தயம் கட்டினால் செய்வது போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நடுவுல இருந்து ஒண்ணொண்ணா அடிச்சிட்டே வா. மெதுவா, நீ வாசிக்கற மாதிரி அடி."

அவள் அடித்தாள். "கேக்குது" என்றார். "கேக்குது... கேக்குது... ம், இதுவும் கேக்குது."

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"ஏம்மா நிறுத்திட்ட? அடி."

அவர் சுவரில் விரலால் தட்டிக் காட்டினார்.

"அடிம்மா, ஏன் பயப்படற?"

"அடிச்சிட்டேம்பா" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. "கடைசி கட்டை வரைக்கும் அடிச்சிட்டேன்."

"எத்தனை?"

"பதினாலு."

அவர் திரும்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசல்படியில் நின்ற அத்தனை சாயங்காலங்களும், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிய அந்த நாளும் ஒவ்வொன்றாக வந்து அவரை அறைந்தன. அந்தப் பாட்டின் முடிவை ஒருநாள்கூடக் கேட்காமலே, அதற்கு முடிவே இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். பாவி மனுஷன்!

"அன்னிக்கு... விரலாட்டறதுன்னு சொன்னேனே..."

"கிண்டல் பண்ணீங்கன்னு நெனச்சேம்பா" என்றாள் மகள். "நான் எவ்வளவு உசிரா வாசிச்ச இடம் அது. டீச்சரே அழுதாங்க. நீங்க அத சத்தமே இல்லன்னு சொன்னப்போ... என்னை ஒண்ணுமே இல்லாதவன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. பன்னெண்டு வருஷமா அதையேதான் நெனச்சிட்டிருந்தேன்."

"எனக்குக் கேக்கலம்மா" என்றார். "நெசமாவே கேக்கல. கேட்டிருந்தா..."

அறுபத்தொரு வயது மனிதர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மகள் எழுந்து வந்து அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தப்பு யாருடையது என்று யாரைப் பிடித்துக் கேட்பது? பன்னிரண்டு வருஷம் போனது போனதுதான். இனி அவள் கல்லூரிக்கா போகப்போகிறாள்?

மறுநாள் காலையில் மகளே சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்க திருப்புங்க. நான் கேக்கறேன்."

அவருடைய கை, அவளுடைய காது. "இன்னும் கொஞ்சம்பா... போதும் போதும், தாண்டிடுச்சு... இறக்குங்க... ம், நின்னுடுச்சு." அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் புருவத்தைப் பார்த்துத்தான் திருப்பினார். சின்னக் கம்பிகள், பிடிவாதமான கம்பிகள். மூன்று கட்டைகள் முடிவதற்குள் மதியம் ஆகிவிட்டது. நாலு மணிக்கு வண்டி. மனைவி இரண்டு தடவை வந்து கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனாள். மகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, செருப்பு ரப்பர் ஆப்பு ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பழைய ஆள் இல்லை இவர். காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டார். பேச்செல்லாம் நன்றாகக் கேட்கிறது. ஆனால் அந்தக் கோடி மட்டும் திரும்பி வரவில்லை. "செத்தது செத்ததுதான்" என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். மனைவி மறுபடியும் மெல்ல ஆரம்பித்தாள்.

"மிச்சம் இருக்கறத அந்தப் போன் மெஷினை வச்சு முடிச்சிடுங்களேன். இப்பதான் வீம்பு எல்லாம் போயிடுச்சே."

"வீம்பு இல்லம்மா" என்றார். "அது அவ கேட்டுச் சொல்ல வேண்டியது."

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் போன் செய்கிறாள். சாப்பாடு, உடம்பு, அங்கே அடிக்கிற குளிர், ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற பெண்ணின் சண்டை என்று அரைமணி நேரம் போகிறது. அவளுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று அவளுக்கே தெரியாது. வைக்கப்போகும்போது இவர் ஒவ்வொரு தடவையும் அதையே சொல்கிறார்.

"பதினொண்ணு பாக்கி இருக்கும்மா."

"தெரியும்பா" என்கிறாள். "வர்றேன்."