கோபிக்காத தாய்மாமன்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் நாள் பார்ப்போம். அடுத்து, தாய்மாமன் எதற்காகக் கோபித்துக்கொள்வார் என்று பார்ப்போம். என் கல்யாணத்தில் என் மாமன் ஒரு வரப்புத் தகராறைச் சொல்லிக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர்கள் நான்கு பேர் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். எனக்கு மாலையைப் போட்டுவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கினார். பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை விழவில்லை என்றால் எங்கள் மிளகாய்க்காட்டு ஜனங்களுக்குத் தாலி கட்டியது கண்ணில் படாது.

என் மகன் இராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில் லேப்பில் இருக்கிறான். அங்கேயே நர்ஸாக இருக்கும் பெண்ணைக் கட்டுவேன் என்றான். இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம். பெண் பிறந்தது இங்கேதான். தகப்பன் இல்லை. தாய் தையல் மிஷின் வைத்து வளர்த்தவள். போய்ப் பார்த்தேன், பிடித்துப்போயிற்று. நான் பெண்ணின் தாயை மதினி என்றேன், அவள் என்னை மச்சாள் என்றாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். பெண்ணின் தாய்மாமன் யார் என்று கேட்டால் மதினி பிடிகொடுக்கவில்லை. "ஒரு தம்பி இருக்கிறான், அங்க. கதைக்கிறேல்ல" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு இது தெரியாத வியாதியா? அக்கா தம்பி பேசவில்லை என்றால் நிலமாக இருக்கும், இல்லை கிணற்றுத் தண்ணீராக இருக்கும். எத்தனை பேரைச் சேர்த்துவைத்திருக்கிறேன்! மருமகளிடம் நைசாக நம்பரை வாங்கினேன். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காவிட்டால் எங்கள் பக்கம் எந்த மாமனும் வரமாட்டார். அதற்காக இலங்கைக்கா போவது? தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து, போனைச் சொம்பில் சாய்த்து, வீடியோ காலில் அழைத்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார்.

"போனுக்குச் சந்தனம் தடவாம விட்டுட்டியேடி."

திரையில் ஒல்லியான ஒரு மனிதர், தலை முழுக்க நரை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்குத் தெரியுமோ?" என்றார்.

"அவங்கதான் அழைக்கச் சொன்னாங்க" என்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொன்னவர்கள் நம் முன்னோர்கள். நான் ஒன்றுதான் சொன்னேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். மறுவாரமே டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.

ஜெயித்த கெத்தோடு மதினி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி அப்படியே நின்றது.

"என்னைக் கேக்காமல் ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"வரப்புத் தகராறு மாதிரின்னு நெனச்சுட்டேன் மதினி."

அப்புறம்தான் சொன்னாள். இவள் முன்னமே இங்கே வந்துவிட்டாள். தாய் தம்பியோடு அங்கேயே இருந்தாள். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது எல்லோரும் ஓடினார்கள். தாய்க்கு நடக்க முடியாது. தம்பியின் இரண்டு கைகளிலும் இரண்டு பிள்ளைகள். தாயை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார். பிறகு தேடிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

"பிள்ளையளைத் தூக்கினது பிழையெண்டு நான் சொல்லேல்ல, மச்சாள். நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன். ஆனா, 'அம்மாதான் என்னைப் போகச் சொன்னவ' எண்டு ஊரெல்லாம் சொன்னான். எங்கட அம்மா அப்பிடிச் சொல்லவே மாட்டா. அவவுக்குச் சாகச் சரியான பயம். ராவில கிணத்தடிக்குப் போறதெண்டாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவா. அவவை விட்டதுமில்லாமல், அவ சொல்லாததைச் சொன்னதாயும் ஆக்கிப்போட்டான்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவியைக் கொண்டு வந்திருக்கிறேன்! உடனே போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். மதினி ஊசியை மறுபடி கையில் எடுத்தாள்.

"டிக்கெட் எடுத்திட்டான் எண்டால் வரட்டும். மாலையைப் போடட்டும். என்னோட கதைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

மதுரை விமான நிலையத்துக்கு நானும் வீட்டுக்காரரும் காரில் போய் அழைத்து வந்தோம். அந்த மனிதர் வழியெல்லாம் அக்காவுக்கு என்ன பிடிக்கும், என்ன வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மானாமதுரை தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, ஒங்க அக்கா அழைக்கச் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரமக்குடியில் டீக்கடையில் இறங்கியபோது கேட்டார்.

"பொய்யெண்டு இப்ப ஏன் சொல்லுறீங்கள்? சொல்லாமலே விட்டிருக்கலாமே."

"வீட்டுக்குள்ள கால வச்சதும் தெரிஞ்சுரும்ல? வாங்குற ஏச்ச ரோட்டுலயே வாங்கிட்டா தேவலன்னு பாத்தேன். நெஞ்சுல வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க முடியல."

முதல் முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இராமநாதபுரத்தில் வீட்டுக்குள் போனோம். மதினி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். தம்பி நிலைப்படியைத் தாண்டவில்லை. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, அம்மா போகச் சொல்லேல்ல. என்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டவ. நான் திரும்பிப் பாக்கேல்ல."

மிஷின் நின்றது. மதினி எழுந்து வந்தாள். வந்த வேகத்தில் அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள், நல்ல அடி. அப்புறம் அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு வருசமோடா?"

நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார், கேட்டால் சளி என்பார். அன்று மாலைவரை மதினி தம்பியை ஏசிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் அவளுடைய நோட்டுக் கொப்பியைக் கிணற்றில் போட்டதிலிருந்து ஒன்றுவிடாமல் ஏசினாள். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமன் பெண்ணுக்கு மாலை போட்டார். எங்கள் ஆட்களுக்குத்தான் ஏமாற்றம். "என்னத்தா, மாமன் ஒரு தடவகூட மொறைக்கலையே, சப்புன்னு போச்சு" என்று என் பெரியப்பா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஏற்கெனவே நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது?

மாமன் ஊர் திரும்புவதற்குள் ஓர் அமாவாசை வந்தது. இராமேசுவரம் போய் அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கவேண்டும் என்று மதினி சொன்னாள். உலகமே இங்கே வந்து பெற்றவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுப் போகிறது. பஸ் ஏறினால் சேர்ந்துவிடும் தூரத்தில் இத்தனை வருடம் குடியிருந்தும் அவள் தாய்க்கு ஒரு கை தண்ணீர் விழவில்லை. விடவேண்டிய மகனோடு பேச்சு இல்லையே. கல்யாணம் முடிந்த கையோடு இதைச் செய்யலாமா என்று என் பக்கத்துச் சொந்தங்கள் இழுத்தார்கள். "வேணும்னா நீங்க வந்து தடுங்க பாப்போம்" என்றேன். ஒருவரும் வரவில்லை.

அக்னி தீர்த்தக் கரையில் ஐயர் திதி கேட்டார். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாள் தெரியாது என்றார் தம்பி. "தெரியாதவாளுக்குத்தானே அமாவாசை, உக்காருங்கோ" என்று ஐயர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எள்ளை எடுத்தார். அம்மா பெயரைக் கேட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு தம்பி கடலில் முங்கி எழுந்தார். மதினி கழுத்தளவு தண்ணீரில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வெகுநேரம் நின்றாள்.

திரும்பும்போது காரில் முன்சீட்டில் தம்பி, பின்சீட்டில் நாங்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பாம்பன் பாலத்தில் ஏறும்போது மெதுவாகக் கேட்டேன்.

"மதினி, மன்னிச்சுட்டீகளா?"

அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள்.

"தெரியேல்ல, மச்சாள். ஆனா எங்கட அம்மா கூப்பிடுற குரல் எப்பிடியிருக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் இந்த உலகத்தில இப்ப ரெண்டே பேர்தான். மற்ற ஆள் இவன்."

சொல்லிவிட்டு முன்னால் குனிந்து, "டேய், அம்மா சொதிக்குப் புளி விடுறேல்ல, தேசிக்காய்தான்" என்றாள். "இல்லையக்கா, புளிதான்" என்றார் அவர். தேங்காய்ப்பால் குழம்புக்கு எலுமிச்சையா புளியா என்று ஊர் வந்து சேரும்வரை அவர்கள் சண்டை ஓயவில்லை.