மௌஸ் இல்லாத மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

இன்று மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு சரி.

நாலரைக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம். பாதிப் படிவத்தில் மௌஸ் வேலை செய்யாமல் நின்றுவிட்டது.

"வேற மௌஸ் சொல்லியிருக்கேன்மா, வந்துக்கினே இருக்குது" என்றார் கடைக்காரப் பெண். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மௌஸ் எதுக்குமா? டேப் அடிச்சா அடுத்த கட்டத்துக்குப் போவும். டிக் போட ஸ்பேஸ் பார். பின்னாடி வரணும்னா ஷிஃப்டும் டேப்பும்" என்றேன்.

கடைக்காரப் பெண் திரும்பி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ சுமதிதானே? மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்?"

ஷமீம்!

இருபது வருடத்துக்கு முன் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பில் மூன்றாம் நம்பருக்கு மட்டும் மௌஸ் கிடையாது. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் தாமதமாக வரும் எங்கள் இருவருக்கும் அதுதான் மிஞ்சும். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி. கண்ட்ரோலில் அவள் விரல், எஸ்ஸில் என் விரல். சேர்ந்து அழுத்தினால்தான் சேவ் ஆகும். அவளுக்குக் கல்யாணம் ஆனபின் நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை.

"உனக்குக் கை மறக்கலடி" என்றாள்.

"நீ கடையே வச்சிக்கினு மௌஸுக்குக் காத்துக்கினு இருக்கிறே!"

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது மகள் என்டர் தட்டினாள். விண்ணப்பம் போய்விட்டது. நானும் ஷமீமும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், கண் கலங்கியது.

வீடு திரும்பும்போது மகள் கேட்டாள்: "ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேராம்மா?"

ரெண்டு பேர் என்பதே அன்று எங்களுக்கு வசதி. இதைப் படிக்கும் உங்கள் வகுப்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர்?